பேணிக்குள்ளை என்ன கிடக்கு, மாஸ்டர்?

வாரும் மாஸ்டர், உந்தக் கதிரையை நிழலுக்குள்ளை இழுத்துப் போட்டு இரும். பின்னேரப் பயிற்சிக்கு இன்னும் நேரம் கிடக்கு. ஒரு கதை காதிலை விழுந்தது, மெய்யோ பொய்யோ எண்டு உம்மட்டையே கேப்பம். 15 வயசுப் பெடியள் ரெண்டு மூண்டு பேரின்ரை தாய்மாரைக் கூப்பிட்டு, "புரோட்டீன் மா ஒரு பேணி வாங்கிக் கரைச்சுக் குடுங்கோ, இல்லாட்டிப் பெடியன் ரெண்டாம் பாதியிலை இழுபட்டுப் போவான்" எண்டு சொன்னீராமே?

முகத்தைச் சுழிக்காதையும். நான் குற்றம் பிடிக்கேல்லை. மன்னாரிலை உது பழைய உத்தியோகம்.

அரிப்பிலை முத்துச் சலாபம் நடந்த காலத்திலை கடல்கட்டி எண்டு ஒராள் இருந்தவர். மந்திரம் சொல்லிச் சுறாவின்ரை வாயைக் கட்டுறதுதான் அவற்றை தொழில். அவர் கட்டினால்தான் குளிக்கிறவை தண்ணியிலை இறங்குவினம். வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குச் சம்பளம் குடுத்து வைச்சிருந்தது, வேறை என்ன செய்யிறது? அதுக்கும் கனகாலம் முந்தி, 13ஆம் நூற்றாண்டிலை இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார், எடுக்கிற முத்திலை இருபதிலை ஒண்டு மந்திரக்காரருக்காம். அதோடை, பொழுதுபட்டதும் மந்திரத்தை அவிட்டு விடுவினமாம். இல்லாட்டி இராவிலை கள்ளர் இறங்கி முத்தை அள்ளிப் போடுவாங்களாம். கெட்டிக்காரர்தானே? சுறாவையும் அவரே கட்டுறார், காவலுக்கும் அவரே விடுறார்.

உள்ளதைச் சொன்னால், அந்தச் சலாபங்களிலை சுறா கடிச்சுச் செத்தவை மிச்சம் குறைவு. அவ்வளவு வள்ளம், அவ்வளவு சனம், கல்லைக் கட்டிக்கொண்டு தொம் தொம்மெண்டு குதிக்கிற சத்தம். உந்தக் கூத்துக்குள்ளை எந்தச் சுறா வரும்? சுறா வராததுக்குக் காரணம் கூச்சல், பேர் கடல்கட்டிக்கு.

இப்ப உம்முடைய பெடியனைப் பாரும். 14 வயசிலை வந்தவன் 16 வயசிலை தோள் அகண்டு, குரல் உடைஞ்சு, பந்தை நடுக்கோட்டிலை இருந்து உதைக்கிறான். அந்த வயசிலை உடம்பு தானாய்த்தான் வளரும், அதுக்குள்ளை நீரும் ஒவ்வொரு நாளும் ஓடவைச்சுப் பிழிஞ்சு எடுக்கிறீர். வளராமல் என்ன செய்யும்? ஆனால் இடையிலை ஒரு பேணி வாங்கியிருந்தால் எல்லாப் பேரும் அந்தப் பேணிக்குத்தான். தாய் சொல்லுவா, "மாஸ்டர் சொன்ன மா பிடிச்சிட்டுது." பக்கத்து வீட்டுத் தாயும் தாலிக்கொடியைத் தடவிப் பாப்பா.

சரி, விக்கிறதெண்டு முடிவெடுத்திட்டீரெண்டால் ஒழுங்காய் விக்கப் பழகும், நானே சொல்லித் தாறன். பெடியனைத் தாய்க்கு முன்னாலை சேட்டைக் கழட்டி நிப்பாட்டி, விலா எலும்பை எண்ணிக் காட்டும். பிறகு போனிலை ஒரு அமெரிக்காக்காரன்ரை புசத்தைக் காட்டும். எந்தத் தாயும் அந்த இடத்திலையே விழுந்திடுவா. விலை கேட்டால் மாதக் கணக்கிலை சொல்லாதையும், "ஒரு நாளைக்கு ஒரு கரண்டிதான் அக்கா" எண்டு சொல்லும். கடைக்காரன் உமக்கு என்ன வெட்டுறான் எண்டதை மட்டும் சொல்லிப் போடாதையும். பிள்ளை தோத்தால், "நேரத்துக்குக் குடுத்தனீங்களோ?" எண்டு தாயின்ரை தலையிலையே போடும். கடல்கட்டியும் உப்பிடித்தான் செய்திருப்பார், ஆரையும் சுறா கடிச்சால் குளிச்சவன்ரை பாவம்.

சிரிக்கிறீர். சிரியும். இனிக் கணக்குக்கு வருவம்.

விளையாடுற ஆளுக்கு ஒரு நாளைக்கு உடம்பு நிறையிலை கிலோவுக்கு 1.2 இலை இருந்து 2 கிராம் வரை புரதம் காணும் எண்டு விளையாட்டு வைத்தியர்மார் சொல்லுகினம். உம்முடைய பெடியன் 50 கிலோ. அப்ப 60 கிராம் தொடக்கம் 100 கிராம். இனி வீட்டுச் சட்டியைப் பாப்பம். மத்தியானமும் இராவும் சேத்து 150 கிராம் மீன், பாரையோ சூடையோ சாளையோ எதெண்டாலும், அதிலை 30 கிராம் வரும். ரெண்டு முட்டை, 12. பருப்போ பயறோ ஒரு கிண்ணம் நிறைய, 15 அளவிலை. ஒரு கோப்பை பால், 8. கச்சான் ஒரு பிடி, 7. மூண்டு நேரச் சோறு, புட்டு, பாண் எண்டு அதுகளுக்குள்ளையும் ஒரு 10 ஒளிச்சுக் கிடக்கும். கூட்டிப் பாரும், 80ஐத் தாண்டும். தாழ்வுபாட்டிலை வாடியிலை மீன் குவிஞ்சு கிடக்க, மீன்காரன்ரை மகனுக்கு அமெரிக்காவிலை மாட்டுப் பாலிலை வடிச்ச தூளைப் பேணியிலை அடைச்சு அனுப்பி, நாங்கள் வள்ளம் வித்த காசிலை வாங்கிறம். கழுதை பாத்தாலும் சிரிக்கும், மன்னாரிலை கழுதைக்கும் குறைவில்லை.

முட்டைக்கும் பாலுக்கும் வழியில்லாத வீடும் கிடக்குது, எனக்குத் தெரியும். காத்துக் காலத்திலை கடலுக்குப் போகேலாமல் தேத்தண்ணியோடை பாண் துண்டு திண்டிட்டு வாற பிள்ளையும் உம்முடைய வரிசையிலைதான் நிக்குது. அந்தப் பிள்ளைக்குப் பேணி சொல்லுறது பசியிலை இருக்கிறவனுக்கு வாசனைத் திரவியம் விக்கிற மாதிரி. கழகத்திலை காசு கிடந்தால் ஒரு மூடை பயறு வாங்கி, பயிற்சி முடிய அவிச்சுத் தேங்காய்ப்பூப் போட்டு எல்லாருக்கும் ஒண்டாய்க் குடும். ஆற்றை வீட்டிலை அடுப்பு எரியேல்லை எண்டு ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை.

பேணி கடையிலை இருந்துதான் வரும் எண்டில்லை. லண்டன் மாமாவும் அனுப்புவார். மாமா நல்லவர், பாசமானவர், அங்கை கடையிலை வேலை செய்து களைச்சுப்போய் மருமகனுக்குப் பெட்டி கட்டுறவர். வெளிநாட்டுச் சாமான் எண்டால் எங்கடை சனத்துக்குக் கண்ணை மூடின நம்பிக்கை. ஆனால் கேளும்: ஜேர்மனியிலை கொலோன் ஆய்வுகூடத்திலை 13 நாடுகளின்ரை கடையளிலை இருந்து 634 சாமான் வாங்கிச் சோதிச்சவை. எல்லாம் வெளிநாட்டுச் சாமான்தான். அதிலை 94 இலை, ஏழிலை ஒண்டு எண்டு வைச்சுக்கொள்ளும், பேணியிலை எழுதாத ஹோர்மோன் சரக்குக் கலந்து கிடந்தது. 2004இலை அந்த அறிக்கை வெளிவந்தது. மாமாவுக்கும் தெரியாது, மருமகனுக்கும் தெரியாது, சிலவேளை பேணி அடைச்சவனுக்கே தெரியாது. முதல்நாள் அதே மெசினிலை வேறை ஏதோ அரைச்சிருப்பான்.

தெரியாமல் குடிச்சதெண்டால் விடுவாங்கள் எண்டு நினைக்காதையும். ஊக்கமருந்துச் சட்டத்திலை முதல் விதியே, உன்ரை உடம்பிலை கிடந்தது உன்ரை பொறுப்பு எண்டதுதான். தெரியாமல் நடந்ததெண்டு நிரூபிச்சால் தண்டனை குறையலாம், கெட்ட பேர் குறையாது. எங்கடை நாட்டிலையும் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் கிடக்குது, அதைப் பாக்கிறதுக்கு ஸ்லாடா எண்டு ஒரு முகவரகம் கொழும்பிலை கிடக்குது.

கிரிக்கெற் விளையாடின உபுல் தரங்கவை மறந்து போனீரோ? 2011 உலகக் கிண்ணக் கால் இறுதியிலை அவரும் டில்ஷானும் இங்கிலாந்துக்கு ஒரு விக்கெற்றும் குடுக்காமல் 231 ஓட்டம் எடுத்து முடிச்சவை, ரெண்டு பேரும் சதம். அடுத்தது நியூசிலாந்தோடை அரை இறுதி. அண்டைக்கு எடுத்த சிறுநீரிலை பிரெட்னிசலோன் கிடந்தது. என்னண்டு வந்தது? கனகாலத் தோள் நோவுக்கு ஆரோ குடுத்த மூலிகை மருந்தாலை. விசாரிச்சவையும் அவர் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு ஒத்துக்கொண்டவை. ஒத்துக்கொண்டு போட்டு மூண்டு மாசம் வீட்டிலை இருத்தினவை. பிரெட்னிசலோன் இங்கிலீஸ் மருந்து, மாஸ்டர், அது எந்தப் பத்தையிலையும் முளைக்கிறதில்லை. மூலிகைக்குள்ளை அது என்னண்டு போச்சுது எண்டு நீரே யோசியும். "பரியாரியின்ரை எண்ணெய்தானே, இயற்கைதானே" எண்டு இனி ஒரு தாய் சொன்னால் தரங்கவின்ரை கதையைச் சொல்லும். இயற்கை எண்டு லேபலிலை எழுதக் காசு கேக்கிறதில்லை. அதே 2011இலைதான் எங்கடை தேசிய ரக்பி அணியிலை மூண்டு பேர் மெதைல்ஹெக்ஸானமீன் எண்ட சரக்காலை பிடிபட்டவை. அதையும் ஜெரேனியம் பூச்செடியின்ரை சத்து எண்டுதான் பேணியிலை எழுதி வித்தவங்கள்.

ஆனால் நீர் கட்டாயம் தெரிஞ்சு வைக்க வேண்டிய கதை ஓட்டக்காரி சுசந்திகாவின்ரை. பிள்ளை கெட்டிக்காரி. 2000ஆம் ஆண்டு சிட்னியிலை 200 மீற்றர். 22.28 செக்கன், ரெண்டாவதாய் வந்தவளை விட நூறிலை ஒரு பங்கு பிந்தி வெண்கலம். 1948இலை டங்கன் வைற்றுக்குப் பிறகு இந்த நாடு கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம். முதலாவதாய் வந்தது அமெரிக்கக்காரி மரியன் ஜோன்ஸ். ஏழு வருசம் கழிச்சு, 2007இலை, அவ கோட்டிலை ஏறிச் சொன்னா, சிட்னிக்கு முந்தி தொடங்கிக் கோச் ஒரு சாமான் தந்தவர், ஆளிவிதை எண்ணெய் எண்டு சொன்னவர், நானும் குடிச்சனான் எண்டு. அது எண்ணெயில்லை, ஆய்வுகூடத்தாலை பிடிக்கேலாத மாதிரிச் செய்த ஸ்டெரோயிட். அவ உண்மையிலை நம்பித்தான் குடிச்சாவோ எண்டு கேட்டால் நான் சத்தியம் பண்ண வரமாட்டன். பதக்கம் எல்லாம் போச்சுது, பொய் சொன்னதுக்குச் சிறைக்கும் போனா. 2009இலை சுசந்திகாவின்ரை வெண்கலம் வெள்ளியாச்சுது. மேடையிலை ஏறி நிக்க வேண்டிய அண்டைக்கு இல்லை, ஒன்பது வருசம் கழிச்சு.

கோச்சுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கேல்லையே நீர்? ட்ரெவர் கிரஹாம் எண்டு பேர். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்புக்காரர் 2008இலை அவருக்கு வாழ்நாள் தடை போட்டவை.

இதிலை எனக்குப் பிடிபட்டது ஒண்டு, மாஸ்டர். மரியன் ஜோன்ஸ் சொன்னது மெய்யோ பொய்யோ, அந்தக் கதையைச் சனம் நம்பக்கூடியதாய் இருந்ததுக்குக் காரணம் கோச் எண்ட சொல்தான். கோச் தந்தால் பிள்ளை மூடியைத் திறந்து மணந்துகூடப் பாக்காது. தகப்பன் சொன்னால் மூஞ்சியை நீட்டுற பெடியன், நீர் விசில் ஊதினால் சேத்துக்குள்ளையும் விழுந்து எழும்புறான். பங்குச்சாமி சொன்னால் யோசிக்கிற தாய், மாஸ்டர் சொன்னால் யோசிக்காமல் அடகுக் கடைக்கு நடக்கிறா. இந்த ஊரிலை உம்முடைய வாய்க்கு அவ்வளவு பெலன். அதை ஒரு பேணிக்கு முண்டு குடுக்கிறதுக்குச் செலவழிக்கிறதோ?

அதுக்காக ஒண்டும் தெரியாத மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்கவும் ஏலாது. நீர் பேசாமல் விட்டால் ஜிம்மிலை கண்ணாடிக்கு முன்னாலை நிக்கிற அண்ணை பேசுவார். அவருக்கு 25 வயசு, எங்கடை பெடியனுக்கு 15. கிரியேற்றின் நல்லது எண்டு சொல்லுவார். வளர்ந்த ஆளுக்கு அது வேலை செய்யும் எண்டதுக்கு ஆய்வும் கிடக்கு, நான் மறுக்கேல்லை. ஆனால் அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் சங்கம் வளருற பிள்ளையளுக்கு வேண்டாம் எண்டுதான் சொல்லுது. பெடியள் கடையிலை வாங்கித் தகரத்தோடை மடக்கு மடக்கெண்டு குடிக்கிற எனர்ஜி ட்ரிங்க் பற்றி அதே சங்கம் 2011இலை சொன்னது இன்னும் கடுமை: பிள்ளையளின்ரை சாப்பாட்டிலை அதுக்கு இடமே இல்லை. நீர் மைதானத்துக்கு வரேக்கை கையிலை அதை வைச்சுக்கொண்டு வாறீராம். அதையும் கேள்விப்பட்டன். எங்கடை வெயிலுக்குத் தண்ணி, தேசிக்காயோடை உப்பும் சீனியும், இல்லாட்டி மோர். வீட்டிலை கஞ்சி வடிக்கிற தண்ணியிலை உப்புப் போட்டுக் குடுத்தாலும் போதும்.

பெட்டையளின்ரை அணியைப் பற்றித் தனியாய்ச் சொல்ல வேணும், ஏனெண்டால் அங்கை நீர் உண்மையாய் ஒரு குறையைப் பிடிக்கலாம். பிள்ளை ஓடேக்கை மூச்சு வாங்குது, முகம் வெளிறிப் போச்சு, முந்தி ஓடினவள் இப்ப கடைசியாய் வாறாள் எண்டால் சோம்பல் எண்டு ஏசாதையும். இரத்தத்திலை இரும்பு குறைஞ்சிருக்கலாம். மாசாமாசம் போறதுக்கு மேலை பயிற்சியும் சேருது. நீர் ஆம்பிளை, நேரை கேட்டுப் பிள்ளையைக் கூசவைக்காதையும். டீச்சர் ஒராளை வைச்சுத் தாயோடை கதையும், மன்னார் ஆஸ்பத்திரியிலை இரத்தம் சோதிக்கச் சொல்லும். குளிசை தேவையெண்டால் டொக்டர் எழுதுவார். பாமசியிலை நாங்களாய் வாங்கிக் குடுத்தால் இரும்பு கூடினாலும் கேடுதான். அதுக்கிடையிலை ஒரு சில்லறை மாற்றம் சொல்லலாம்: சோத்தோடை பிளேன்ரீ குடிக்கிறதை விடச் சொல்லும், தேயிலை இரும்பை உடம்பிலை சேர விடாது. முருங்கையிலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழியச் சொல்லும், அது சேர உதவும். இதுக்கு லண்டனிலை ஆளும் வேண்டாம்.

எருக்கலம்பிட்டிப் பெடியளுக்கு நோன்பு காலம் வந்தால் பயிற்சியை இரவுக்கு மாத்தும். பகல் மூண்டு மணிக்கு ஓடவிட்டுப் போட்டு, சோந்து போனான், சத்துக் குளிசை குடுப்பம் எண்டு நிண்டால் குறை பிள்ளையிலை இல்லை, உம்முடைய நேரசூசியிலை.

இனி எங்கடை ஆக்களைப் பற்றி, கிழடுகளைச் சொல்லுறன். ரஷ்யாவிலை கமிலா வலியேவா எண்டு ஒரு பிள்ளை, பனியிலை சறுக்கி ஆடுறவள், 15 வயசு. 2022 பீஜிங் ஒலிம்பிக் நடக்கேக்கைதான், அதுக்கு முந்தி டிசம்பரிலை அவளிட்டை எடுத்த சோதனை பிழைச்சுப் போனது தெரிய வந்தது. ட்ரைமெற்றாசிடின் எண்ட இருதய மருந்து. தாத்தாவின்ரை மருந்து, அவர் செய்து குடுத்த ஸ்ட்ரோபெரி இனிப்பாலை கலந்து போச்சு எண்டு ஒரு விளக்கம் குடுத்தவை. நீதிபதியள் நம்பேல்லை, நாலு வருசத் தடை. உலகத்திலை ஆர் மேலை பழியைப் போட்டாலும் கடைசியிலை கிழவன் மேலைதான் வந்து முடியும் எண்டு பாத்தீரோ! ஆனால் அந்தக் கதை பொய்யாய் இருந்தாலும் எங்கடை வீட்டிலை மெய்யாய் நடக்கும். எங்கடை கிழவிக்குப் பிறசருக்குத் தண்ணி போற குளிசை குடுத்திருக்கினம். அந்த வகைக் குளிசையள் விளையாட்டிலை தடை. குத்துச்சண்டைப் பெடியன் நிறை குறைக்கிறதுக்கு ஆச்சியின்ரை பெட்டியிலை கைவைச்சால் ஆச்சிக்குப் பிறசர், அவனுக்குத் தடை. பெற்றார் கூட்டம் வைக்கேக்கை தாய் தகப்பனை மட்டுமில்லை, எங்களையும் கூப்பிடும். குளிசைப் பெட்டியை எங்கை வைக்கிறது எண்டு எங்களுக்கும் சொல்லும். அதோடை தேத்தண்ணியும் தாரும்.

அந்தக் கூட்டத்திலை நீர் ஒண்டைப் பகிரங்கமாய்ச் சொல்ல வேணும்: நான் ஒரு பிள்ளைக்கும் ஒரு தூளும் குளிசையும் என்ரை கையாலை தரமாட்டன், விக்கமாட்டன், எந்தக் கடைக்கும் போகச் சொல்லமாட்டன். இதைச் சொல்லிப் போட்டால் பிறகு உமக்கே சறுக்க ஏலாது. பிறகு தாய்மாரைப் பேச விடும். ஏற்கனவே என்னென்ன குடுக்கினம் எண்டு அப்பத்தான் வெளியிலை வரும். ஏசாதையும். ஏசினால் அடுத்தமுறை ஒளிப்பினம். ஒரு கொப்பியிலை எழுதி வையும், பேணியைப் போனிலை படம் எடும், லேபலும் தொகுதி இலக்கமும் தெரியத்தக்கதாய். டொக்டர் ஒண்டை எழுதித் தந்தால், "பிள்ளை போட்டியிலை ஓடுது, இது தடையிலை கிடக்கோ?" எண்டு கேக்கத் தாய்க்குப் பழக்கும். தடையிலை இருந்தும் வருத்தத்துக்கு அதுதான் வேணுமெண்டால், சிகிச்சைக்கெண்டு முன்கூட்டி அனுமதி எடுக்க வழி கிடக்குது. பிடிபட்ட பிறகு டொக்டற்றை துண்டைக் கொண்டு ஓடினால் பல நேரம் பிந்திப் போகும்.

சோதிச்ச முத்திரை குத்தின பேணி எண்டு சிலது வருது. இன்ஃபோம்ட் ஸ்போர்ட் எண்டொரு முத்திரையை உம்முடைய போனிலையே பாக்கலாம், எந்தத் தொகுதி சோதிச்சது எண்டும் போட்டிருப்பினம். முத்திரை இல்லாததை விட அது மேல். ஆனால் முழுப் பொறுப்பு அதுவும் எடுக்காது. வாடா எண்ட உலக ஊக்கமருந்துத் தடுப்புக்காரரோ எந்தப் பேணிக்கும் நல்லது எண்டு கையெழுத்து வைக்கிறதில்லை. "வாடா அங்கீகாரம்" எண்டு ஒருத்தன் வித்தால் அவன் பொய்யன், வேறை சாட்சி தேவையில்லை.

இனி உமக்கு நித்திரை போற கதை. 2021இலை இருந்து நடைமுறையிலை இருக்கிற உலக விதியிலை, 16 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை பிடிபட்டால், அந்தப் பிள்ளையைச் சுத்தி நிண்ட பெரியாக்களையும் கட்டாயம் விசாரிக்க வேணும் எண்டு கிடக்குது. கோச்சின்ரை பேர்தான் பட்டியலிலை மேலை. ஸ்டெரோயிட் மாதிரியான சரக்கைச் சின்னப் பிள்ளைக்குக் குடுத்தது கோச் எண்டு தெரிஞ்சால் வாழ்நாள் தடை. பிறகு கழகத்திலை விசில் ஊதவும் ஏலாது.

பயப்பிடாதையும், உம்மைப் பிடிக்க ஆள் வரேல்லை. நீர் நல்ல மாஸ்டர், அதாலைதான் இருத்திவைச்சுக் கதைக்கிறன். விக்கிறவனாய் இருந்தால் நான் பேணி ரெண்டு வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருப்பன்.

போம், பெடியள் வந்திட்டாங்கள். இண்டைக்குப் பந்தை எடுக்க முந்தி எல்லாரையும் வட்டமாய் இருத்தி ரெண்டே ரெண்டு கேள்வி கேளும்: இராத்திரி எத்தனை மணிக்குப் போனை வைச்சுப் போட்டுப் படுத்தனீங்கள்? காலமை என்ன சாப்பிட்டனீங்கள்? மறுமொழியை அந்தக் கொப்பியிலை எழுதும். அந்தத் தாய்மாரிட்டையும் ஒருக்காப் போய், வாங்கின பேணியைக் கடையிலை திருப்பிக் குடுத்துக் காசை எடுக்கச் சொல்லும். கடைக்காரன் மறுத்தால் என்னைக் கூப்பிடும், நான் வாறன்.